பக் நாயா? பொமேரியனா? எங்கள் வீட்டுப் பட்டிமன்றம்

பேரவை மலருக்குக் கட்டுரை தரச் சொல்லி நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும், சூரிய மின்சாரம் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நாய்ச் சண்டை. (நாய் இன்னும் வரவில்லை. சண்டை மட்டும் முன்னாடியே வந்துவிட்டது!) எனவே நண்பர்களே, அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோமுகி அணைக்குக் கீழே, கச்சிராயபாளையம் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போவார்கள். பகலில் வீட்டில் ஆயா மட்டும்தான். ஏழாவது படிக்கும் என் தங்கச்சி ரெண்டு வருஷமாக நாய் கேட்டு நச்சரிக்கிறாள். சென்னையில் டிரைவராக இருக்கும் எங்கள் மாமா போன் பண்ணினார். அவர் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் வெளிநாடு போகிறார்களாம். அவர்கள் வளர்த்த பக் நாயைச் சும்மாவே தருகிறார்களாம். "ஓசியில வருதுடா மாப்ள, விட்டா கிடைக்காது" என்றார். அதே நேரம் சின்னசேலத்தில் அப்பாவுக்குத் தெரிந்தவர் வீட்டில் பொமேரியன் குட்டி போட்டிருந்தது. அதற்குக் காசு கொடுக்கணும்.

"நீதான படிச்சவன், நீயே சொல்லு" என்று அப்பா என்னிடம் விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் தங்கச்சியை விட்டால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ரேஷன் கார்டு மனுவிலிருந்து மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது வரைக்கும் என்னிடம்தான் வரும். இப்போது நாயும் வந்தது.

முதலில் பொமேரியன். நம்மூரில் அப்படிக் கூப்பிடும் வெள்ளை நாய் பெரும்பாலும் பொமேரியனே கிடையாது! அது இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸின் வம்சம், தலைமுறை தலைமுறையாக இங்கேயே வளர்ந்து நம்ம ஊர்க்காரனாகிவிட்டது. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' இந்திப் படத்தில் டஃபி என்று ஒரு வெள்ளை நாய் வருமே, அது இதுதான்.

பக் நாய் சீனாவில் தோன்றியது. அங்கே அரச குடும்பத்தார் மடியில் வைத்து வளர்த்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. நம் நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிய வைத்தது 2003-ல் வந்த ஹட்ச் போன் விளம்பரம். ஒரு சின்னப் பையன் போகும் இடமெல்லாம் பின்னாடியே போகுமே! குணத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. குழந்தைகளோடு ஒட்டிக் கொள்ளும், அதிகம் குரைக்காது, சொன்ன இடத்தில் படுத்துக் கொள்ளும். ஆயாவுக்குத் துணை என்று பார்த்தால் பக்குக்குத்தான் என் ஓட்டு. மூக்கு மட்டும் அதற்குக் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால்!

இங்கேதான் நான் படிக்கும் மெக்கானிக்கல் உதவிக்கு வந்தது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் பெரிதாக வியர்க்காது. அது மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர வைக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 20, 30 மூச்சு விடும் நாய், வெயிலில் 300-க்கு மேலேகூட இரைக்கும். நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 1 கிராம் தண்ணீர் அப்படி ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். முதலாண்டு இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதே கணக்கு. நீள மூக்கு நாய்க்கு மூக்குக்குள்ளே மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாக அடுக்கியிருக்கும். பஸ் என்ஜின் முன்னாடி ரேடியேட்டரில் தகடு தகடாக இருக்கிறதல்லவா, அப்படி.

பக் நாயை முகம் சப்பையாக வரும்படியே பல தலைமுறையாக இணை சேர்த்து வந்திருக்கிறார்கள். எலும்பு சுருங்கியது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் கீறல் மாதிரி. அண்ணத்தின் பின்பக்கச் சதை தொண்டைக்குள் தொங்கி மூச்சை அடைக்கும். எனவே என்ஜின் அதேதான், ரேடியேட்டர் கால்வாசி! வெயிலில் முக்கி முக்கி மூச்சு வாங்கினால் தொண்டைச் சதை வீங்கும், வழி இன்னும் குறுகும், முக்குகிற முக்கலிலேயே சூடு இன்னும் ஏறும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இங்கிலாந்தின் ராயல் கால்நடைக் கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கை இனி வழக்கமான நாயாகவே கருத முடியாது என்று எழுதியிருக்கிறார்கள்.

படித்தது ஒரு பக்கம், பார்த்தது ஒரு பக்கம். போன மே மாதம் சேலத்தில் பயிற்சிக்குத் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பக். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. வீட்டில் ஆளில்லை. நாங்கள் சத்தம் கேட்டுக் காம்பவுண்டு ஏறிக் குதித்தபோது, அது திண்ணையில் காலைப் பரப்பிக் கிடந்தது. குறட்டை மாதிரி இழுத்தது. நாக்கு நீலம். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆட்டோ தேடி ஓடினோம். ஆட்டோ வருவதற்குள் அடங்கிவிட்டது. உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, அப்புறம்தான் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முன்னாடியே தெரிந்திருந்தால்... சரி, விடுங்கள். படிக்கிற நீங்களாவது ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தகர ஷீட் வீடு. சித்திரை வெயிலில் நாங்களே புளியமரத்தடிக்குப் போய்விடுவோம்.

"அப்போ மலையில அத்தை வீட்ல விட்டுடலாம், அங்க ஜில்லுனு இருக்கும்ல" என்றாள் தங்கச்சி. கல்வராயன் மலை 2000 முதல் 3000 அடி உயரம், வெள்ளிமலையில் ராத்திரி போர்வை வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அத்தை விடிந்தால் மரவள்ளிக் காட்டுக்குப் போய்விடும். மடியிலேயே கிடந்து வளர்ந்த நாயைத் தனியாகக் கட்டிப் போட்டால் அது என்னாகும்? மூச்சு முட்டினால் டாக்டரிடம் கொண்டுவர மலையிறங்கும் பஸ் எப்போது வரும்? அவளிடம் பதில் இல்லை. அழுதாள்.

பொமேரியன் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை! தபால்காரர் வந்தால் குரைக்கும், காக்கா வந்தால் குரைக்கும், ஒன்றும் வராவிட்டாலும் குரைக்கும். முடி கொட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது சீவ வேண்டும். வாலைப் பிடித்து இழுக்கும் சின்னப் பிள்ளைகளைப் பல் காட்டி மிரட்டும். ரெட்டை அடுக்கு முடி என்பதால் அதற்கும் வெயில் ஆகாது; நிழலும் தண்ணீரும் எப்போதும் வேண்டும். அதற்காக வெயில் காலத்தில் மொட்டை அடித்துவிடாதீர்கள். அந்த முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. இதையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தேன். எல்லாம் நாம் பார்த்துக் கொள்ளக்கூடிய குறைகள். பக்கின் மூக்கை நாம் என்ன செய்ய முடியும்?

எந்த நாயாக இருந்தாலும் தடுப்பூசிக்குக் காசு ஒதுக்க முடியாதவர்கள் நாயே வாங்கக் கூடாது என்பது என் கட்சி. ஒன்றரை, ரெண்டு மாதத்தில் முதல் ஊசி. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். கடித்தால் 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டும் வேலை ஆகாது. ஆயாவிடம் இதைச் சொல்லிப் புரிய வைக்கத்தான் ரொம்ப நேரமானது.

மாமாவுக்கு வேண்டாம் என்று போன் பண்ணினேன். "ஓசியில வர்றதக்கூட வேணாங்கிற, ரொம்பப் படிச்சிட்டடா" என்று வைத்துவிட்டார். அந்தப் பக் இப்போது ஏசி உள்ள வேறொரு வீட்டில் இருப்பதாக அம்மா சொன்னது.

சின்னசேலம் குட்டிக்கு இன்னும் ரெண்டு மாதம் முடியவில்லை. தாயிடம் பால் குடிக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். அப்பா புளியமரத்தடியில் தென்னங்கீற்றில் ஒரு சின்னக் கொட்டகை போட்டுவிட்டார். தங்கச்சி என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் நேற்று ராத்திரி என் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் நாலு பேர் எழுதியிருந்தது. மூன்றை அடித்துவிட்டிருந்தாள்.