அறுபதைக் கடந்த பின் தூரிகை ஏந்திய தாகூர்

முதுமையில் ஓவியம் பழக இயலுமா என்ற கேள்விக்கு இந்தியக் கலை வரலாறு தரும் தெளிவான விடை, ரவீந்திரநாத் தாகூர். 1861-ல் பிறந்த அவர், அறுபது வயதைக் கடந்த பின்னரே ஓவியத்தில் முழுமையாக ஈடுபட்டார்.

1924-ல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய சொற்களை இணைத்து உருவங்களாக்கினார். அப்பழக்கமே பின்னர் தனி ஓவியங்களாக வளர்ந்தது. 1930 மே மாதம் பாரிஸில் அவரது முதல் கண்காட்சி நடைபெற்றது.

நிலக்காட்சிகளை அவர் பெரும்பாலும் 1930-களில் வரைந்தார். மஞ்சள் ஒளி பரவிய வானத்தின் முன் கருநிழலாக நிற்கும் மரங்களை அவற்றில் மீண்டும் மீண்டும் காணலாம். ஓவியப் பள்ளியில் பயிலாத அவர், இலை, கிளைகளின் நுணுக்கத்தைவிட ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டையே பெரிதும் சார்ந்தார். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் அவருக்குக் குறைபாடு இருந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

1941-ல் மறைவதற்குள் அவர் உருவாக்கிய படைப்புகள் 2,000-க்கும் அதிகம். தேசியக் கலைக் கருவூலங்களாக அறிவிக்கப்பட்டுள்ள அவற்றை விற்பனைக்காக வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை. கைத்திறன் முழுமை பெறும்வரை காத்திராமல், இயன்றதைக் கொண்டு தொடங்கியதே அவரது ஓவிய வாழ்வு முதியோருக்கு உணர்த்தும் பாடம்.