செம்மணிச் சாவடியைப் பார்த்து நின்றவர்கள்: அன்றும் இன்றும்

வெம்பக்கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்கு அகழாய்வுக் குழி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச்சில் வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டில் வேலை தொடங்கியதிலிருந்து பார்த்துவருகிறோம். நூல் பிடித்துக் கட்டிய சதுரம், கொத்துக்கரண்டி, தூரிகை, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்கும் படம். சங்கு வளையலும் பாசிமணியும் சுடுமண் காளையும் வெளியே வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது.

2025 மே மாதம் யாழ்ப்பாணத்தில் செம்மணியை ஒட்டிய சித்துப்பாத்தி மயானத்தில் இதே மாதிரிக் குழி வெட்டினார்கள். தகன மேடை கட்டத் தோண்டியபோது பிப்ரவரியில் மனித எலும்பு வந்ததால், நீதிமன்ற உத்தரவின்பேரில் நடந்த அகழ்வு. தலைமை தாங்கியவர் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ. இதே தூரிகை, இதே அளவுகோல். மண்ணுக்குள்ளிருந்து வந்தவை நீல நிறப் பள்ளிப் பை ஒன்று, குழந்தையின் பொம்மை ஒன்று, கண்ணாடி வளையல்கள். செப்டம்பருக்குள் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எண்ணப்பட்டுவிட்டன.

நம் வட்டாரத்தில் கண்டியாபுரத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-லிருந்து அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். இம்மாதிரி முகாம்களில் மூத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சென்றியைக் கடந்த கதை இல்லாத வீடே இருக்காது. நாம் செக்போஸ்ட் என்பதை அவர்கள் சென்றி என்பார்கள். சைக்கிளில் வருகிறவர் கொஞ்சம் தூரத்திலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஐசி எனப்படும் அடையாள அட்டை கையில் தயாராக இருக்க வேண்டும். சுற்றிவளைப்பு நடக்கிற நாள் என்றால் ஊரையே வெயிலில் உட்காரவைத்து, முகமூடி போட்ட தலையாட்டி முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். அந்தத் தலை அசைந்தால் ட்ரக்கில் ஏற வேண்டியதுதான்.

1995 டிசம்பரில் இலங்கை இராணுவம் யாழ்ப்பாண நகரைப் பிடித்தது. அடுத்த ஆண்டில் மட்டும் குடாநாட்டில் சுமார் 600 பேர் காணாமல் போனதாக ஆம்னெஸ்டி கணக்கிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரியில் படித்த 18 வயது கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தர வேதியியல் தேர்வை எழுதிவிட்டு, கைதடியிலிருந்த வீட்டுக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். செம்மணிச் சாவடியில் நிறுத்தினார்கள். அதை வழியில் போனவர்கள் பார்த்தார்கள். பார்த்ததை வீட்டுக்குச் சொன்னார்கள். தாய், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் தேடிக்கொண்டு சாவடிக்கே போனார்கள். நால்வரின் உடல்களும் அடுத்த மாதம் குழியிலிருந்து எடுக்கப்பட்டன.

இந்த வழக்கு மூடிப்போகாததற்குக் காரணம் அந்த வழிப்போக்கர்களின் கண். சாவடியில் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இருந்தது. கேட்க உறவினர்களும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். 1998 ஜூலையில் கொழும்பு நீதிமன்றம் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை கேட்ட லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300, 400 உடல்கள் புதைந்திருப்பதாக அதே நீதிமன்றத்தில் சொன்னார். 1999-ல் தோண்டி 15 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். அத்தோடு மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். மிச்சத்தைத் தோண்ட 26 ஆண்டுகள் ஆயின.

அன்றைக்குச் சாவடிகளைக் கண்காணித்தவர்கள் யார்? முதலில் உள்ளூர்ப் பெண்கள். 1984-ல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தொடங்கி, இராணுவம் அள்ளிக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டுக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசு அலுவலகத்துக்கு, ஊர்வலம் போனது. 1988-ல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் மனித உரிமை அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். மருத்துவப் பேராசிரியை ராஜினி திராணகம அதில் முன்னின்றார். அப்போது யாழ்ப்பாணத்துச் சென்றிகளில் நின்றது இந்திய அமைதிப்படை. தமிழ்நாட்டு வாசகர் இதை மறக்கக் கூடாது: அந்தத் துப்பாக்கிகள் நம் வரிப்பணத்தில் வாங்கியவை. 1987 அக்டோபர் 21-ல் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் சுட்டதும் அந்தப் படைதான். ராஜினியும் நண்பர்களும் இந்தியப் படை செய்ததையும் எழுதினார்கள், புலிகள் செய்ததையும் எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த அமைப்பின் மற்றவர்கள் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து எழுத முடியாமல் போயிற்று.

அதே 1989-ல் வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்தார்கள். பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் ஆட்கள் கையில் ஆயுதமில்லாமல், மிரட்டலுக்கு ஆளான வழக்கறிஞர்கள் கூடவே நடந்தார்கள். அயல்நாட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை வைக்க யோசிப்பார்கள் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு பல இடங்களில் பலித்தது. 1998-ல், அறிக்கைகளை வெளியிடுமுன் எங்களிடம் காட்ட வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. அவர்கள் மூட்டை கட்டினார்கள். 2002 போர்நிறுத்தத்தோடு நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு வந்தது. அடுத்த ஆண்டு நான்வயலண்ட் பீஸ்ஃபோர்ஸ் வந்தது. புலிகள் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டுப் போன தாய்மார்களுக்கு அந்த அமைப்பினர் துணை நின்றார்கள். போர் மறுபடி மூண்டதும் நோர்டிக் குழு சுருங்கி, 2008 ஜனவரியில் கலைந்தது.

2008 செப்டம்பரில் கிளிநொச்சியில் நடந்ததை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வன்னியைவிட்டு வெளியேறுமாறு அரசு உத்தரவிட்டதால் ஐ.நா. ஊழியர்கள் வண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஊர் மக்கள் கூடி நின்று, போகாதீர்கள் என்று கும்பிட்டார்கள். அவர்கள் உணவும் கூடாரமும் கேட்டு நிற்கவில்லை. நீங்கள் போய்விட்டால் இங்கே நடப்பதைப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் மன்றாடினார்கள். வண்டிகள் போயின. எட்டு மாதத்தில் முள்ளிவாய்க்கால்.

அனுமதியின்பேரில் நிற்கிற கண்காணிப்பாளரை, பெரிய கொடுமைக்கு முந்தின நாள் முதலில் வெளியே அனுப்பிவிடுவார்கள். பாலஸ்தீனத்திலும் இதுவே கதை. 1994 பிப்ரவரியில் ஹெப்ரான் இப்ராஹிமி மசூதியில் ஒரு குடியேறி 29 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, அந்நகரில் சர்வதேசக் கண்காணிப்புக் குழு அமைந்தது. 2019 ஜனவரியில் இஸ்ரேல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2001-ல் இஸ்ரேலியப் பெண்கள் சிலர் மக்சோம் வாட்ச் என்ற பெயரில் தங்கள் நாட்டு இராணுவத்தின் சாவடிகளிலேயே போய் நின்று, நிறுத்திவைக்கப்பட்டவர்களைப் பற்றிக் குறிப்பெடுக்கத் தொடங்கினார்கள். தன் பிள்ளை வயது சிப்பாயின் முகத்துக்கு நேராக அப்படி நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இருந்த நாட்களில் நம் பெண்கள் அப்படிப் போய் நின்றிருந்தால் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. மேற்குக் கரையில் வெளியிலிருந்து போன தொண்டர்களுக்கும் இப்போது பாதுகாப்பு இல்லை. 2024 செப்டம்பர் 6-ல் பெய்தா கிராமத்தில் துருக்கிய அமெரிக்கப் பெண் ஆய்செனுர் எஸ்கி எய்கி இஸ்ரேலிய இராணுவத்தின் குண்டில் இறந்தார்.

இன்று ஏ-9 சாலையில் ஓமந்தைப் பெரிய சோதனைச் சாவடி இல்லை, 2015-ல் எடுத்துவிட்டார்கள். இளம் வயதுப் பிள்ளைகளுக்குத் தலையாட்டி என்றால் என்னவென்று தெரியாது. இது பெரிய மாற்றம்தான். ஆனால் மட்டக்களப்புக்குப் போனால் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை இருக்கிறது. 2020-லிருந்து வெளி மாவட்டங்களிலிருந்து சிங்கள விவசாயிகள் வந்து, காடழித்துச் சோளம் போடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்த தமிழ்ப் பண்ணையாளர்களின் மாடுகள் சுடப்பட்டும் வெட்டுப்பட்டும் செத்துக் கிடக்கின்றன. தரையைவிட்டு மேய்ப்பனை விரட்ட முதலில் மந்தையை அடிப்பது மேற்குக் கரையின் குடியேறிகளும் செய்கிற வேலை. 2023 ஆகஸ்டில் நிலவரத்தை நேரில் பார்க்கப் போன பல மதத் தலைவர்களையும் ஊடகத்தாரையும், ஒரு பௌத்த பிக்குவோடு கூடிய கூட்டம் மணிக்கணக்கில் மறித்து வைத்தது. செப்டம்பர் 15-ல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் சாலையோரம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த பல்கலைக்கழக மாணவர்களை நவம்பரில் போலீஸ் கைது செய்தது.

ஆக, பார்க்கிற வேலை இப்போது அங்கேயே குடியிருக்கிறவர்கள் கையில். செத்த மாட்டைப் படமெடுப்பது மேய்ப்பனின் போன். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலருகே காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரி 20-ல் உட்கார்ந்த தாய்மார்களின் போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. பிள்ளையின் படத்தைப் பிடித்தபடியே பலர் இறந்தும் போனார்கள். செம்மணிக் குழியோரம் உள்ளூர்ச் செய்தியாளர்களும் உறவினர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்களும் நாள் தவறாமல் நின்றார்கள். 2025 ஜூனில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் செம்மணிக்கு வந்தபோது, சுற்றிலும் நீதி கேட்டு அணையா விளக்குப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில், செம்மணியைப் படமெடுத்த முல்லைத்தீவுச் செய்தியாளர் ஒருவரைப் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு கூப்பிட்டு விசாரித்தது. வெளிநாட்டாரைப் போல இவர்களை விசா ரத்து செய்து அனுப்பிவிட முடியாது. தப்பித்துப் போகவும் இவர்களுக்கு இடமில்லை. பாலஸ்தீனத்தின் மசாஃபர் யட்டா கிராமத்தார் தங்கள் வீடுகள் இடிபடுவதைத் தாங்களே ஆண்டுக்கணக்கில் படமெடுத்ததிலிருந்து உருவானதுதான் 2025-ல் ஆஸ்கர் வாங்கிய ‘நோ அதர் லேண்ட்’.

செம்மணியில் கிடைத்த பொருட்களை அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ல் மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைத்தார்கள். போய்ப் பார்க்க முடிந்தவர்கள் அங்கே இருப்பவர்கள் மட்டுமே. 1996 நடுவில் அகதிகளாகப் படகேறி ராமேஸ்வரம் பக்கம் வந்து இறங்கியவர்கள் என்ன செய்வார்கள்? தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். ஒவ்வொரு குடும்பத்தின் பதிவும் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. பணக்கொடை கொடுக்கவும் கணக்கெடுக்கவும் வரிசையில் நிறுத்தத் தெரிந்த நிர்வாகம் இது. உங்கள் வீட்டில் காணாமல் போனவர் உண்டா, எந்த ஆண்டு, எந்தச் சென்றி, என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டு எழுத ஒரு முகாமுக்கு ஒரு நாள் போதும். செம்மணிப் பொருட்களின் படங்களை முகாம்களிலும் காட்ட வேண்டும். எலும்புக்குப் பெயர் சொல்ல உறவினரின் மரபணு வேண்டும். அந்த உறவினர்களில் எத்தனை பேர் சாத்தூர், சிவகாசிப் பக்கம் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போய் வருகிறார்கள் என்பது கேட்டு எழுதினால்தான் தெரியும்.