கண்ணுக்குத் துணையாகும் ஒளி



மெதில் ஆரஞ்சு சேர்த்த காரக் கரைசல் மஞ்சளாக இருக்கும். பியூரெட்டிலிருந்து அமிலம் சொட்டச் சொட்ட, ஏதோ ஒரு துளியில் அது செம்மை பெறும். அந்தத் துளியைக் கண்டறிவதே தரம் பார்த்தலின் உயிர்நிலை. 1987ஆம் ஆண்டில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் ஒவ்வொரு முறையும் அத்துளியைத் தாண்டியே நிறுத்துவான். கவனக்குறைவு என்றெண்ணி வகுப்பின் முன் அவனைக் கடிந்துகொண்டேன். சில நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண்கள் அவனுக்கு வாய்த்திருந்தன என்பதை ஆண்டின் இறுதியில்தான் அறிந்தேன். அக்கடுஞ்சொல் இன்றும் என்னை உறுத்துகின்றது.

அவனால் காண இயலாததை ஓர் ஒளிக்கற்றை காணும். அம்முறையின் அருமை பாலிமர்க் கரைசல்களில் நன்கு விளங்கும். சிறுசிறு அலகுகள் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலியே பாலிமர். இறால் ஓட்டிலுள்ள கைட்டினைக் கடுங்காரத்துடன் சூடாக்கினால் கைட்டோசான் என்னும் பாலிமர் கிடைக்கும். அமிலத்தில் அது கரையும்போது சங்கிலி நெடுகிலும் நேர்மின்னூட்டங்கள் தோன்றும். அவற்றின் அளவை அறிவது எங்ஙனம்? எதிர்மின்னூட்டமுடைய வேறொரு சங்கிலியைக் கொண்டே அளக்கலாம். இவ்வாறு பாலிமரைப் பாலிமரால் தரம் பார்க்கும் முறையை ஜப்பானிய அறிஞர் ஹிரோஷி தெராயாமா 1952இல் விளக்கி எழுதினார்.

கைட்டோசான் கரைசலில் டொலுயிடின் நீலம் என்னும் சாயத்தைச் சிறிது சேர்த்து, பொட்டாசியம் பாலிவினைல் சல்பேட்டைத் துளித்துளியாக விடுகிறோம். வரும் சல்பேட்டுச் சங்கிலிகளையெல்லாம் கைட்டோசான் பற்றிக்கொள்ளும். சாயம் நீலமாகவே நிற்கும். கைட்டோசான் முழுதும் பிணைந்த பின்னர் வரும் சங்கிலிக்குச் சாயமே துணை. சாய மூலக்கூறுகள் அதன்மீது நெருங்கி ஒட்டுவதால் நீலம் செவ்வூதாவாக மாறுகின்றது. இம்மாற்றம் மெல்ல நிகழ்வது. நல்ல கண்ணுடைய இருவர்கூட ஒரே துளியைச் சுட்டுவது அரிது.

இங்கேதான் தானியங்கிக் கருவி உதவுகின்றது. மோட்டாரால் இயங்கும் பியூரெட் அளந்து சொட்டுகின்றது. கலக்கி ஓயாது சுழல்கின்றது. நீல நிலையில் சாயம் மிகுதியாக விழுங்கும் செந்நிற ஒளியைக் கரைசலினூடே செலுத்தி, மறுபுறம் வருவதை ஒளி மின்கலம் அளக்கின்றது. சாயம் நிறம் மாறத் தொடங்கியதும் அவ்வொளி கூடுதலாகக் கடந்து வரும். துளியின் அளவுக்கு எதிரே ஒளியின் அளவைக் குறித்தால், கோடு ஓரிடத்தில் வளையும். அவ்வளைவே முடிவு நிலை. என் மாணவனும் அதைப் பிறர்போலவே படித்திருப்பான்.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்பீர்கள். கலங்கல் நீரிலுள்ள களிமண் துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் உடையவை. நேர்மின்னூட்டப் பாலிமரை அளவோடு இட்டால் அவை திரண்டு படியும். அளவு மிஞ்சினாலோ, துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கி மீண்டும் கலங்கி நிற்கும்.

கருவியும் பிழை செய்யும். ஒளி செல்லும் வழியில் காற்றுக்குமிழி நின்றால் கோடு துள்ளும். இரு சங்கிலிகளும் பிணைந்து உண்டாகும் நுண்ணிய வீழ்படிவும் ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே கரைசலை மிக நீர்த்ததாக வைத்து, வளைவு நெருங்கும்போது துளிகளுக்கிடையே சற்றுப் பொறுத்தல் வேண்டும்.