வளவில் முயல் வளர்ப்போம்: பொய்ச்சினையும் டெல்ப்ட் நகரத்து வைத்தியரும்

பற்றைக்குள் ஓடுகின்ற காட்டு முயலும் கூட்டில் வளர்கின்ற வீட்டு முயலும் வெவ்வேறு இனத்தவை என்பதையும், இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்துக் குட்டிக்காகக் காத்திருப்பது வீண்வேலை என்பதையும் சென்ற வாரம் சொன்னேன். வாசித்தவர்களுக்கு அதை மறுபடி விரிக்க வேண்டியதில்லை, வாசியாதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்க. வெயிற்காலத்தில் ஆண் முயல் மலடாகும் விஷயத்தை இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்குரிய குறிப்புகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த வேளையிலேதான் இறுப்பிட்டியிலிருந்து எனக்கு மாமி முறையான ஒருவர் ஆளனுப்பி அழைத்தார்.

அவருடைய வளவில், கிடுகால் வேய்ந்த கொட்டிலுக்குள், இரண்டு வெள்ளைப் பெண் முயல்கள் ஒரே கூட்டில் வளர்கின்றன. அவற்றுள் ஒன்று தன் நெஞ்சிலும் தாடையின் கீழுள்ள மடிப்பிலும் இருந்த மயிரைப் பிடுங்கிப் பிடுங்கி, வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு போய், கூட்டின் ஒரு மூலையில் மெத்தை போலப் பரப்பிக்கொண்டிருந்தது; மடியும் சற்றுப் பருத்திருந்தது. “தம்பி, ஆண் முயலே இல்லாத வளவிலை இதுக்கு எங்காலை சினை வந்தது?” என்று மாமி கேட்டார். அயலில் ஒருவர் இது நாவூறு என்று தீர்ப்புச் சொல்லி, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடும்படி ஆலோசனையும் வழங்கியிருந்தார். நான் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

அது பொய்ச்சினை. பசுவும் ஆடும் பருவம் வந்தபோது தாமாகவே முட்டையை வெளியிடுவன. முயலின் இயல்பு அவ்வாறன்று. அதன் சூலகத்திலே முட்டைகள் முதிர்ந்து காத்திருக்க, சேர்க்கை நிகழ்ந்து, அந்தக் கிளர்ச்சி நரம்பு வழியாக மூளைக்கும் அங்கிருந்து கபச்சுரப்பிக்கும் எட்டி, அச்சுரப்பி விடுக்கின்ற ஓமோன் இரத்தத்திற் கலந்து, ஏறக்குறையப் பத்து மணித்தியாலம் கழிந்த பின்னரே அவை வெளிப்படும். ஆனால் மேலே ஏறியது ஆணா பெண்ணா என்று விசாரிக்கும் வழக்கம் கபச்சுரப்பிக்கு இல்லை. ஒரே கூட்டில் அடைபட்ட பெண் முயல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதுண்டு. மலட்டு ஆணோடு சேர்வதும் உண்டு. எவ்வாறாயினும் முட்டை வெளிவந்துவிட்டால், அது இருந்த இடத்தில் மஞ்சட்சடலம் தோன்றி, புரோஜெஸ்தரோனைச் சுரந்து, கருப்பையையும் மடியையும் தாய்மைக்குச் சித்தம் செய்யத் தொடங்கிவிடும். கருவுற்றிருந்தால் மஞ்சட்சடலம் 31 நாள் வரை நிலைக்கும். கரு இல்லாவிடில் 16 முதல் 18 நாளுக்குள் அது தேய்ந்து போக, புரோஜெஸ்தரோன் சடுதியாகக் குறைய, பிரசவம் நெருங்கிவிட்டதென்று எண்ணிய உடல் மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டுகின்றது. முயல் பொய் சொல்லவில்லை. அதன் உடல் தனக்குக் கிடைத்த செய்தியை நம்பித் தன் கடமையை ஒழுங்காகவே செய்திருக்கிறது.

இவ்வளவையும் மாமிக்குச் சொல்லிவிட்டு வந்த பின், முயலின் சூலகத்துக்குள் முதன்முதலில் சிரத்தையோடு எட்டிப் பார்த்தவர் யாரென்று தேடப்போய், எழுந்திருக்க மனமின்றி இரவு முழுவதும் வாசித்தேன். அவர் றெக்னியர் டி கிராப் என்னும் ஒல்லாந்து வைத்தியர். வாழ்ந்து தொழில் செய்த ஊர் டெல்ப்ட். குறிகட்டுவான் துறையில் நின்று வள்ளம் ஏறினால் நாம் போய்ச் சேர்கின்ற நெடுந்தீவுக்கு, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சூட்டிய பெயரும் அதுவே. அந்த டெல்ப்ட் நகரத்திலே, பெண் முயல்களை ஆணோடு சேரவிட்டு, அரைமணி நேரம் கழித்து ஒன்று, ஆறு மணி கழித்து ஒன்று, ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் கழித்து ஒவ்வொன்று என்று முறையாக அறுத்து, சூலகத்தில் உண்டாகும் மாறுதலைப் படிப்படியாக எழுதிவைத்து, 1672இல் இலத்தீன் மொழியில் நூலாக வெளியிட்டார். அந்நூல் அச்சேறிய நகரம் லெய்டன். வாணர் தாம்போதியைக் கடந்ததும் நாம் கால் வைக்கின்ற வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் லெய்டன்தான்! நமது புங்குடுதீவு அவர்களுடைய படங்களில் மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரடாம். யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்த பால்டேயஸ் நம் நாட்டைப் பற்றி எழுதிய பெருநூல் வெளிவந்ததும் அதே 1672இல், அதே அம்ஸ்ரடாமிலேயே. நம்முடைய கோயில்களையும் பனைகளையும் வருணித்த நூலும், முயலின் சூலகத்தை வருணித்த நூலும் ஒரே தேசத்திலிருந்து ஒரே வருஷத்தில் புறப்பட்டன என்பது முயல் வளர்ப்பவனுக்கு எவ்விதப் பிரயோஜனமும் இல்லாத செய்தி என்று ஆசிரியர் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபிக்கட்டும், இதை எழுதாமல் மேலே செல்ல என்னால் இயலாது.

டி கிராப் கண்டது என்ன? சேர்க்கையின் பின் சூலகத்தின் மேற்பரப்பில் சில புடைப்புகள் சிவந்து, வெடித்து, வெறுமையாவதைக் கண்டார். மூன்றாம் நாளில் மிகச் சிறிய கோளங்களைக் கருப்பைப் பக்கத்தில் கண்டெடுத்தார். வெறுமையான புடைப்புகளின் எண்ணிக்கையையும் கருக்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, குட்டி ஈனும் மிருகங்களும் பறவைகளைப் போலவே முட்டையிலிருந்தே உற்பத்தியாகின்றன என்று துணிந்து சொன்னார். புடைப்பையே முட்டையென்று அவர் கருதியதும், அவ்வளவு பெரிய புடைப்பிலிருந்து அதனிலும் எத்தனையோ மடங்கு சிறிய கோளம் எப்படி வந்ததென்று திகைத்ததும் உண்மை; மெய்யான முட்டை ஒரு நாயின் சூலகத்தில் பேயர் என்பவர் கண்ணுக்குத் தெரிய 1827 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தம் அயலவரான லேவன்ஹூக் என்னும் துணி வியாபாரி கண்ணாடி தேய்த்து நுணுக்குக்காட்டி செய்வதைக் கண்டு, அவரை லண்டன் றோயல் சொசைற்றிக்கு அறிமுகம் செய்து கடிதம் அனுப்பியவரும் டி கிராப்தான். அவ்வருஷமே, 1673இல், 32 வயதில் இறந்துபோனார்.

முயலைத் தேர்ந்தெடுத்தது அவருடைய பாக்கியம். சேர்ந்த வேளை தெரிந்தால் முட்டை வெளிவரும் வேளையும் தெரிந்துவிடுகின்ற பிராணி அது; பசுவை அறுத்திருந்தால் இந்தக் கணக்கு அவருக்குக் கிட்டியிராது. அதே முயல் அவரை ஏமாற்றவும் செய்தது: சேர்க்கையின்றிப் புடைப்பு வெடிப்பதில்லை என்ற முயலின் விதியை எல்லாப் பிராணிகளுக்கும், பெண்களுக்கும் உரியதென்று அவர் எண்ணிவிட்டார். இந்த விசித்திரம் முயலுக்கும் பூனைக்கும் வேறு சிலவற்றுக்கும் மாத்திரமே உரியது. முயலில் புடைப்பு வெடிப்பது சேர்க்கைக்குப் பின் ஏறக்குறையப் பத்து மணித்தியாலத்தில் நிகழ்வதை வால்ரர் ஹீப் என்ற ஆங்கிலேயர் 1905இல் எழுதினார். ஒரு முயலின் கருவை இன்னொரு முயலின் வயிற்றில் வைத்து 1890இல் குட்டி பெற்றவரும் அவரே. அக்கதை தனியாக ஒரு வாரத்துக்கு உரியது. 1931இல் அமெரிக்காவில் பிரீட்மன் என்பவர் இதே இயல்பைக் கொண்டு பெண்களின் கர்ப்பத்தைச் சோதிக்கும் வழி கண்டார்: சந்தேகத்துக்குரிய பெண்ணின் சிறுநீரை ஆண் சேராத முயலின் காது நாளத்தில் ஏற்றி, இரண்டு நாள் கழித்துச் சூலகத்தைப் பார்த்தால், கர்ப்பமாயின் புடைப்புகள் வெடித்திருக்கும். முயல் செத்தால் கர்ப்பம் என்று அந்நாட்டுச் சனங்கள் பேசிக்கொண்டது தவறு. வயிற்றை அறுத்துத்தான் பார்க்கவேண்டியிருந்தமையால், கர்ப்பமானாலும் இல்லாவிட்டாலும் அந்த வாயில்லாச் சீவன் செத்தது.

இனி, மாமிக்குச் சொன்ன காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிர் பிடுங்கும் முயலை மருந்தால் தடுக்க முயலவேண்டாம். சில நாட்களில் தானே அடங்கும். அது அடங்கிய கையோடு நல்ல ஆணிடம் விட்டால் விரைவில் சினைப்படும். பொய்ச்சினை நிலவும் நாட்களில் ஆணைக் காட்டிப் பயனில்லை. பெண்ணைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமேயன்றி, ஆணைப் பெண்ணின் கூட்டுக்குள் விடலாகாது. தன் இடத்தில் பெண் முயல் கடித்துச் சண்டையிடும். சேர்த்த திகதியைக் கூட்டின் பலகையில் எழுதிவைத்து, 12ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் அடிவயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தால், சினையாயின் கருக்கள் சிறு போளை அளவில் வரிசையாக விரலுக்குத் தட்டுப்படும். அழுத்தினால் கரு சிதையும். 28ஆம் நாளில் குட்டி ஈனுவதற்கான பெட்டியைக் கூட்டில் வையுங்கள். அதற்கு முன், 17ஆம் நாளளவில், மயிர் பிடுங்கத் தொடங்கினால் பெட்டியை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிடலாம். கொழுத்த முயலும் சினைப்படத் தயங்கும். பாசத்தினால் அரிசியும் பாணும் ஊட்டுகின்ற வீடுகளிலேதான் மலட்டு முயல் மிகுதி என்பது என் அபிப்பிராயம். முருங்கை இலையும் அகத்தியும் புல்லும் போதும்.

வெயிலைப் பற்றி எழுத இடம் இல்லாமற் போயிற்று. 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் நாட்கணக்கில் நீடித்தால் ஆணின் விந்து கெடும் என்பதையும், நிழல் கிடைத்த பின்னும் அது பழைய நிலைக்கு மீள ஆறு முதல் எட்டுக் கிழமை செல்லும் என்பதையும் மாத்திரம் இப்போது மனதிற் கொள்க. பனையோலைக் கூரையும் ஈரச் சாக்கும் சோளகக் காற்றும் அதற்கு எவ்வளவு உதவும் என்பதை வரும் வாரம் விவரிப்பேன். அதற்குள், ஒரே கூட்டில் பெண் முயல்களைச் சேர்த்து அடைத்திருப்பவர்கள் இன்றைக்கே அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். பிரித்த நாளிலிருந்து 18 நாள் கழியும்வரை எதையும் ஆணிடம் விடவேண்டாம்.