சித்தூர் வழியாக நீராவி ரயில் மறுபடி வருமா? வந்தால் எங்கே நிற்கும்?

காட்பாடி வழியாகத் திருப்பதிக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? காட்பாடியை விட்டதும் பொம்மசமுத்திரம், ராமாபுரம், சித்தூர், பூதலப்பட்டு, பாகாலா, பனப்பாக்கம், சந்திரகிரி என்று வரிசையாக ஊர்கள் வரும். எக்ஸ்பிரஸில் போனால் இதில் பாதிப் பெயர்ப் பலகைகளைப் படித்து முடிப்பதற்குள் வண்டி தாண்டிவிடும். போனிலிருந்து தலையைத் தூக்கினால் திருப்பதி வந்திருக்கும்.

உங்கள் தாத்தா, பாட்டி காலத்துப் பயணம் வேறு மாதிரி. விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் பக்கத்துக் குடும்பங்கள் புரட்டாசியில் மொட்டை போடப் போன வண்டியை இழுத்தது கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். வெள்ளை வேட்டி திருப்பதி போய்ச் சேரும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். வண்டி அடிக்கடி நிற்கும், நின்றால் சட்டென்று கிளம்பாது.

இப்போது இன்ஸ்டாகிராமில் எங்கோ ஒரு நாட்டின் சின்ன ஊர் வழியாகப் புகை கக்கிக்கொண்டு பழைய எஞ்சின் ஒன்று போகும் வீடியோவைப் பார்க்கிறோம். ‘நம்ம பக்கம் ஒரு தடவை இப்படிப் போகாதா’ என்று தோன்றும். போக முடியுமா என்று பார்ப்பதற்கு முன், அந்த எஞ்சின் ஏன் அத்தனை ஊரில் நின்றது என்று பார்த்துவிடலாம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கரியைவிடத் தண்ணீர்தான் பிரச்சினை

விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி வழியாகக் கூடூர் வரைக்கும் மீட்டர் கேஜ் பாதையை 1891-ல் திறந்தது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. பாகாலாவிலிருந்து பீலேர், கதிரி வழியாகத் தர்மாவரத்துக்கு ஒரு கிளைப் பாதையும் போனது. அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில், வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. சொல்லப்போனால், 1911-ல் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான்.

நீராவி எஞ்சின் வேலை செய்யும் முறை எளிமையானது. கரியை எரித்து, பாய்லரில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியின் அழுத்தத்தால் பிஸ்டனைத் தள்ளுவது. ஆனால் தள்ளி முடித்த நீராவி திரும்பப் பாய்லருக்குப் போகாது. புகைபோக்கி வழியாக வெளியேதான் போகும். அப்படிப் போகும்போது அடுப்பில் இருக்கும் காற்றையும் சேர்த்து இழுப்பதால்தான் நெருப்பு கொழுந்துவிட்டு எரியும். நாம் ‘குப்... குப்...’ என்று கேட்டது அந்த நீராவி வெளியேறும் சத்தம். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு ‘குப்’.

அதாவது ஒவ்வொரு குப்புக்கும் கொஞ்சம் தண்ணீர் காலி. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகளில் பயணிகள் வண்டிகளை அதிகம் இழுத்த ஒய்.பி. ரக எஞ்சின், தன் பின்னால் இழுத்துப்போன தொட்டியில் சுமார் 13,600 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். உங்கள் அபார்ட்மென்ட்டுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அது தீர்வதற்குள் அடுத்த தண்ணீர்க் குழாய் உள்ள ஸ்டேஷன் வந்தாக வேண்டும்.

தண்ணீர் மட்டும் இல்லை. அடுப்பில் சேரும் சாம்பலையும் கட்டியையும் கிளறி எடுக்கணும். அச்சுகளுக்கு எண்ணெய் விடணும். போர்வெல் தண்ணீரால் உங்கள் ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு பாய்லரிலும் படியும். ஆகவே குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாய்லரை ஆற வைத்துக் கழுவணும். ஆற வைத்ததை மறுபடி சூடாக்கி ஓடும் நிலைக்குக் கொண்டுவரவே பல மணி நேரம் ஆகும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் குடியிருப்பு வேண்டும், குடியிருப்புக்கு டீக்கடை, மளிகைக்கடை, பள்ளிக்கூடம் வேண்டும். பாகாலா மாதிரியான ஜங்ஷன் ஊர்கள் நாடு முழுக்க இப்படித்தான் ரயில்வே ஊர்களாக வளர்ந்தன.

அதே நேரம், ரயில்வே பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். கரியில் இருக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட சக்கரத்துக்கு வந்து சேராது. அந்த அனலுக்கு முன்னால் நின்று கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன்களுக்கு அது ரொமான்ஸ் கிடையாது. அகலப் பாதையில் கடைசி வழக்கமான நீராவி ரயில் 1995 டிசம்பரில் பஞ்சாபில் ஜலந்தருக்கும் ஃபெரோஸ்பூருக்கும் இடையே ஓடியது. மீட்டர் கேஜில் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. டீசல் வந்ததும், நின்றே ஆகவேண்டிய தேவை போய்விட்டது. சின்ன ஸ்டேஷன்கள் வெறிச்சோடியதற்கு அது மட்டும் காரணம் இல்லை, பஸ்ஸும் பைக்கும் பெரிய காரணம். ஆனால் தொடக்கம் அங்கேதான்.

சரி, திரும்ப வர முடியுமா?

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தப் பாதையில் ஓடிய எஞ்சின்கள் 1,000 மி.மீ. அகலத் தண்டவாளத்துக்குச் செய்தவை. இப்போது இருப்பது 1,676 மி.மீ. பாதை, மேலே மின்கம்பி வேறு. ஏதாவது மியூசியத்திலிருந்து ஒய்.பி. எஞ்சினைக் கொண்டுவந்து உயிர் கொடுத்தாலும் காட்பாடியில் அதை வைக்கத் தண்டவாளம் இல்லை.

வர முடிகிற எஞ்சின் வேறு ஒன்று: இ.ஐ.ஆர்.-21. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் 1855-ல் செய்தது. கல்கத்தா பக்கம் ஓடி, 1909-ல் ஓய்வு பெற்று, நூறு ஆண்டுகளுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. 2010-ல் சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் அதை மறுபடி ஓட வைத்தார்கள். எழும்பூர்–கோடம்பாக்கம் இடையே அது ஓடியதை நீங்கள் பார்த்திருக்கலாம். 2019-ல் நாகர்கோவில்–கன்னியாகுமரி இடையிலும் ஓடியது. இது அகலப் பாதை எஞ்சின் என்பதால், கேஜை மட்டும் வைத்துப் பார்த்தால் சித்தூருக்கும் வரலாம். ஆக, இந்த ஊர்களுக்குச் சொந்தமான எஞ்சின் வர முடியாது, வர முடிந்த எஞ்சினுக்கு இந்த ஊர்கள் தெரியாது.

அதன் ஓட்டங்கள் ஏன் இவ்வளவு குட்டிக் குட்டியாக இருக்கின்றன? 170 வயது எஞ்சினை நெடுந்தூரம் ஓட்ட யாரும் துணிய மாட்டார்கள் என்பது ஒன்று. வழியில் தண்ணீர் பிடிக்க இப்போது குழாய்கள் கிடையாது. அடுத்தது, மெதுவாகப் போகும் ஒரு வண்டி ஒற்றைப் பாதையில் ஏறினால் முன்னால், பின்னால், எதிரே வரும் எல்லா ரயிலும் காத்துக் கிடக்கணும். காட்பாடி–திருப்பதி இன்றைக்கும் ஒற்றைப் பாதைதான்.

அது மாறப்போகிறது. திருப்பதி–பாகாலா–காட்பாடி இடையே 104 கி.மீ. தூரத்தை 1,332 கோடி ரூபாயில் இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலூர் சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகளுக்கும் திருமலை போகும் பக்தர்களுக்கும் இது நல்ல செய்தி. சுற்றுலா ரயிலுக்கு இடம் ஒதுக்குவதும் அப்போது சுலபமாகும்.

ஆனால் ஒற்றைப் பாதையில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் காத்திருப்போம் இல்லையா, அந்த ‘கிராசிங்’ நிறுத்தம் இனி தேவைப்படாது. தண்ணீருக்காக நின்ற காலம் முன்பே போய்விட்டது. எதிர்வண்டிக்காக நிற்பதும் போனால், பூதலப்பட்டிலும் பனப்பாக்கத்திலும் வண்டி நிற்பதற்கு ஒரே காரணம்தான் மிஞ்சும்: யாராவது அட்டவணையில் எழுதி வைத்தால். இரட்டைப் பாதையைப் பற்றிப் பேசும்போது எத்தனை நிமிடம் மிச்சம் என்று கேட்கிறோம். பாசஞ்சர் வண்டிகள் கூடுமா, எந்தெந்த ஊரில் நிற்கும் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் கம்பெனி 1941-ல் செய்த ‘பிக் பாய்’ 4014 எஞ்சினை 2019-ல் மறுபடி ஓட வைத்தது. பயணம் கிளம்பும்போது எந்தச் சின்ன ஊரில் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்கும் என்று முன்கூட்டியே அட்டவணை போடுகிறார்கள். இவ்வளவு அடி தள்ளி நிற்கணும் என்றும் சொல்கிறார்கள். ஊரே வந்து பார்க்கிறது.

தள்ளி நிற்பது சும்மா இல்லை. 2024 ஜூனில் மெக்சிகோவின் இடால்கோ மாநிலத்தில், கனடாவிலிருந்து வந்த 1930-ம் ஆண்டு ‘எம்ப்ரஸ்’ எஞ்சின் கூட்டத்தைக் கடந்தபோது, தண்டவாளத்துக்கு மிக அருகில் செல்ஃபி எடுத்த ஒரு பெண் அடிபட்டு இறந்தார். எஞ்சின் தண்டவாளத்தைவிட அகலமானது, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். போன் திரை வழியாகப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. நம் நாட்டில் அனுமதியில்லாமல் ரயில்வே பாதைக்குள் நுழைந்தால் 1989 ரயில்வே சட்டம் 147-ம் பிரிவின்படி குற்றம். எஞ்சின் 1855-ஐச் சேர்ந்ததாக இருந்தாலும் அதேதான்.

இதற்கிடையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1980-ல் 20 வயதில் ஃபயர்மேனாகச் சேர்ந்தவருக்கு 2025-ல் 65 வயது. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், உட்காரவைத்துப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். எந்த ஸ்டேஷன் தண்ணீர் நல்லது, எங்கே ஏற்றம், எங்கே கரி அதிகம் போடணும் என்பதெல்லாம் அவர்கள் தலையில் இருக்கும்.

கண்ணால் பார்க்கணும் என்றால், காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ஊட்டி ரயிலில் ஏறுங்கள். குன்னூர் வரை நீராவி எஞ்சின்தான். வழியில் ஹில்குரோவில் நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். வண்டி நிற்பது அதற்காக இல்லை. முன்னால் போய்ப் பாருங்கள், தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.