பக்கத்து மேசைப் பேச்சும் பணியாளரின் கவனமும்

காதுக்குக் கேடில்லை, கவனத்துக்குக் கேடு

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகல் வரம்பாக 65 டெசிபலை, அதாவது ஒலியின் வலிமையைக் குறிக்கும் அலகில் அறுபத்தைந்தை, நிர்ணயித்துள்ளன. ஒரு மீட்டர் தொலைவில் இருவர் இயல்பாகப் பேசும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல்தான் என்பதால் அது செவித்திறனைக் கெடுப்பதில்லை. ஆயினும் தடுப்புச்சுவர் இல்லாத திறந்த அலுவலகங்களில் வேலையை மிகுதியாகக் குலைப்பது அந்தப் பேச்சொலியே ஆகும்.

விலைப்பட்டியலின் எண்களைக் கணினியில் ஏற்றுபவர் அவற்றைச் செயல்பாட்டு நினைவில், அதாவது சில நொடிகள் மட்டுமே தகவலைத் தாங்கும் மனத்தின் பகுதியில், ஓசையின்றிச் சொல்லிக்கொண்டே வைத்திருக்கிறார். மின்விசிறியின் சீரான இரைச்சல் சிறிது நேரத்தில் பழகிவிடுகிறது. அசைக்கு அசை மாறும் பேச்சோ, புரியாத மொழியில் இருந்தாலும், அந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. படிப்பதும் எழுதுவதுமான வேலைகளில், கேட்கும் சொற்களின் பொருளும் சேர்ந்து குறுக்கிடுகிறது. ஒருவர் கைப்பேசியில் பேசும்போது மறுமுனைப் பேச்சு கேட்காததால், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க மனம் முயல்கிறது. அத்தகைய பாதி உரையாடல் முழு உரையாடலைவிடக் கவனத்தை அதிகம் சிதைப்பதாக 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

உணரப்படாத அழுத்தம்

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், மூன்று மணி நேரம் மிதமான அலுவலக ஓசையில் பணிபுரிந்த பெண் எழுத்தர்களின் உடலில், நெருக்கடியின்போது சுரக்கும் அட்ரினலின் கூடியிருந்தது. அவர்கள் கடினப் புதிர்களை விரைவில் கைவிட்டதுடன், உட்காரும் நிலையையும் குறைவாகவே மாற்றிக்கொண்டனர். ஆனால் தாங்கள் அழுத்தத்தில் இருப்பதாக அவர்கள் கூறவில்லை. புகார் எழாததையே அலுவலகம் அமைதியாக இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாற்றத்தக்கவை

கண்ணாடியும் வழுவழுப்பான தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் பேச்சு நெடுந்தூரம் தெளிவாகப் பரவுகிறது. கனிமக் கம்பளிப் பலகைகளால் ஆன மேற்கூரை அதை உறிஞ்சிக்கொள்கிறது. மேசைகளுக்கிடையே தடுப்பு மட்டும் வைத்துக் கூரையை அப்படியே விட்டால், ஒலி மேலே பட்டுத் தெறித்து மறுபுறம் இறங்கிவிடும். ஹெட்ஃபோன் ஓரளவு உதவும் என்றாலும், பாட்டின் வரிகளும் பேச்சே என்பதால் எழுத்துப் பணிக்கு அவை ஏற்றவையல்ல. செலவே இல்லாத வழியும் உண்டு: நாள் முழுதும் தொலைபேசியில் பேசும் விற்பனைப் பிரிவினரைக் கணக்குப் பிரிவினரின் அருகிலிருந்து மாற்றி, தளத்தின் மறுகோடியில் அமரச் செய்யலாம்.