ஒற்றைத் தலைவலியும் மாத்திரைக் கணக்கும்

எனக்கு ஒற்றைத் தலைவலி வந்து இருபது வருஷமாச்சு. முதலில் கண்ணுக்குள் நெளிநெளியாக ஒரு மின்னல் கோடு. அரை மணியில் இடப்பக்கம் இடிக்கும். வெளிச்சம், தாளிப்பு வாசனை எதுவும் ஆகாது. இருட்டறைதான் கதி.

மாத்திரை போட்டால் அடங்கியது. போகப்போக, ஒருநாள் விட்டு ஒருநாள் வலி. கண் பரிசோதனை, சைனஸ் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தும் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் கேட்டார்: "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?" பதில் தெரியவில்லை. லாக் பார்க்காமல் எந்த பக்-கையும் தொடாதவன் நான். என் தலைக்கு ஒரு லாக் வைத்ததில்லை.

ஒரு மாதம் குறித்தேன். 19 நாள்.

விஷயம் இதுதான். ஒற்றைத் தலைவலிக்காரர் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான், எர்காட் வகைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதம் தாண்டியும் எடுத்தால், அந்த மருந்தே தலைவலியைக் கொண்டுவரலாம். வலி வந்தால் மாத்திரை, மாத்திரையால் வலி. முடிவில்லாத லூப்.

டாக்டர் சொன்னபடி வலி மாத்திரையை நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் நரகம். கூடவே தினமும் ப்ரோப்ரனோலால். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் அதே மருந்து. தலைவலி வராமல் தடுக்கவும் உதவும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. இரண்டு மூன்று மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும். வலி நாட்கள் பாதியானாலே வெற்றி என்கிறார்கள்.

எனக்கு இப்போது மாதம் ஐந்து நாள். குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு கையில் இருக்கிறது. நீங்களும் மருந்தை மாற்றும்முன் காலண்டரில் குறியுங்கள். அதோடு டாக்டரைப் பாருங்கள்.